மீன் தொட்டிக்கு ஒரு கோழிக்கூடை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் இருந்த 'ம்', 'ஆங்' எல்லாவற்றையும், நடுவில் கேட்ட ரயில் சத்தத்தையும் எடுத்துவிட்டுத் தொகுத்திருக்கிறோம்.)

நான் திருத்தணியில இருந்து பேசறேன். மலைக்கு 365 படி. அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போனா ஆந்திரா. ஏப்ரல், மே ஆனா தமிழ்நாட்டுல எங்கே வெயில் அதிகம்னு நியூஸ்ல வாசிப்பாங்களே, அந்த லிஸ்ட்ல மேல இருக்கிற ஊர். கடலுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்த ஊர்ல நான் கடல் மீன் வளர்க்கிறேன். முதல்லயே சிரிச்சு முடிச்சிடுங்க.

முருகன் சூரனோட சண்டை போட்டு முடிச்சு, கோபம் தணிஞ்சு வந்து உட்கார்ந்த இடம்தான் தணிகைன்னு சொல்வாங்க. அதனாலதான் மத்த முருகன் கோயில்கள்ல சூரசம்ஹாரம் நடக்கிற அன்னைக்கு, இங்கே அது கிடையாது; பூவால அர்ச்சனை நடக்கும். அப்படிப்பட்ட ஊர்ல, எங்க வீட்டு ஹால்ல, ஒரு நாலடி கண்ணாடித் தொட்டிக்குள்ள நடந்த ஒரு சண்டையைப் பத்தித்தான் இந்த எபிசோட்.

கேள்வி இதுதான். ஏற்கெனவே செட் ஆன உப்புத் தண்ணி டேங்க். உள்ளே பழைய மீன்கள். புதுசா ஒண்ணை விடணும். பழசு புதுசை அடிச்சுக் கொல்லாம எப்படி விடறது?

இதை நான் ஒரு மீன் செத்த பிறகுதான் யோசிச்சேன்.

அந்த சனிக்கிழமை

2021-ல வொர்க் ஃப்ரம் ஹோம்னு ஊருக்கு வந்தப்போ ஆரம்பிச்சது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப் போட்டா சுமார் 250 லிட்டர். எங்க ஊர் போர் தண்ணி பயங்கர உப்பு, ஆனா மீனுக்கு வேணுங்கிற உப்பு அது இல்லை. அதனால ஆர்.ஓ. தண்ணியில கடல் உப்புப் பொடியைக் கலந்து, ஸ்பெசிஃபிக் கிராவிட்டி 1.025-க்குக் கொண்டு வரணும். அது முடிஞ்சதும் தொட்டியை 'சைக்கிள்' பண்ணணும், அதாவது அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா உள்ளே வளரணும். 'ஒரு டோமினோ டாம்சலைப் போட்டு விடுங்க, அது எதையும் தாங்கும்'னு யாரோ சொன்னாங்க. போட்டேன்.

டோமினோன்னா கன்னங்கரேல்னு ஒரு சின்ன மீன். நெத்தியில ஒரு வெள்ளைப் பொட்டு, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பொட்டு. விலை கம்மி. பார்க்க அவ்வளவு அழகு. எங்க அப்பா அதுக்குப் 'பொட்டு'ன்னே பேர் வெச்சுட்டார். அவர் அப்போதான் ரிட்டயர் ஆகியிருந்தார். காலையில காபியோட தொட்டி முன்னாடி உட்காருவார். கண்ணாடியில விரலை வெச்சா பொட்டு வந்து நிக்கும். விரலை நகர்த்தினா கூடவே வரும்.

கொஞ்ச மாசம் கழிச்சு ரெண்டு க்ளௌன் மீன் வந்தது. பிரச்சினை இல்லை. மூணு பேரும் ஒரு மாதிரி செட் ஆயிட்டாங்க. அப்படியே ரெண்டு வருஷத்துக்கு மேல போச்சு.

அப்புறம் ஒரு சனிக்கிழமை கொளத்தூர் போனேன். சென்னையில கலர் மீன்னா கொளத்தூர்தான், உங்களுக்கே தெரியும். அங்கே ஒரு ஃபயர்ஃபிஷ் பார்த்தேன். உடம்பு முன்பாதி வெள்ளை, பின்பாதி நெருப்பு, முதுகுல ஒரு நீளக் கொடி. தண்ணியில தொங்கற மாதிரி அசையாம நிக்கும். வாங்கி, தெர்மாகோல் டப்பாவுல வெச்சு, வில்லிவாக்கத்துல ரயில் ஏறி, மடியிலயே வெச்சுக் கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து, யூடியூப்ல சொன்ன மாதிரி கவரை இருபது நிமிஷம் தண்ணியில மிதக்க விட்டேன். தொட்டித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா கலந்தேன். எல்லாம் சரியாத்தான் செஞ்சேன்னு நினைப்பு. சாயங்காலம் ஆறு மணி, லைட் ஃபுல்லா எரியுது, மீனை விட்டேன்.

பொட்டு கல்லுக்குப் பின்னாடி இருந்து வந்தது. ஒரு செகண்ட் நின்னு பார்த்தது. அப்புறம் நேரா போய் இடிச்சது. ஃபயர்ஃபிஷ் மூலைக்குப் போச்சு, அங்கேயும் வந்தது. மேலே போச்சு, அங்கேயும் வந்தது. 'முதல் நாள், அப்படித்தான் இருக்கும், காலையில சரியாயிடும்'னு சொல்லிட்டு நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

காலையில அப்பாதான் பார்த்தார். ஸ்டாண்டுக்குப் பின்னாடி தரையில காஞ்சு கிடந்தது. தொட்டிக்கு மூடி கிடையாது. ராத்திரி எப்பவோ தப்பிக்கக் குதிச்சிருக்கு.

எனக்குக் கோபம் பொட்டு மேல. 'இதைக் கொண்டு போய்க் கடையிலயே கொடுத்துடறேன்ப்பா, ரவுடி'ன்னு சொன்னேன். அப்பா பேப்பர்ல இருந்து தலையைத் தூக்காமயே சொன்னார்: 'அவன் வீட்ல அவன் இருந்தான். நீதான் யாரையும் கேட்காம ஆளைக் கூட்டிட்டு வந்தே.'

ரவுடியா, வீட்டுக்காரரா?

அந்த ஒரு வரிக்குப் பிறகுதான் நான் படிக்க ஆரம்பிச்சேன். நிகோ டின்பெர்கன்னு ஒரு விஞ்ஞானி. 1973-ல நோபல் வாங்கின மூணு பேர்ல ஒருத்தர். ஸ்டிக்கிள்பேக்னு ஒரு சின்ன மீனை வெச்சு ஒரு சோதனை பண்ணார். ஒரு தொட்டி, ரெண்டு ஆண் மீன், ஆளுக்கொரு மூலையில கூடு. ரெண்டையும் தனித்தனிக் கண்ணாடிக் குழாய்ல பிடிச்சு, ரெண்டு குழாயையும் முதல் மீனோட இடத்துக்குக் கொண்டு போனார். முதல் மீன் கண்ணாடியை முட்டிக்கிட்டு அடிக்க வருது, ரெண்டாவது தப்பிக்கப் பார்க்குது. இப்போ ரெண்டு குழாயையும் ரெண்டாவது மீனோட இடத்துக்கு நகர்த்தினார். அப்படியே தலைகீழ். அதுவரைக்கும் பயந்து ஓடினது அடிக்க வருது, அடிக்க வந்தது ஓடப் பார்க்குது.

அதே ரெண்டு மீன். குணம் மாறலை, இடம்தான் மாறியிருக்கு.

எனக்கு இது பெரிய அடி. மூணு வருஷமா ஒரு மீனை வீட்டுக்காரரா ஆக்கினது நான். முதல்ல உள்ளே விட்டது நான். ஒளிய இடமே இல்லாத வெட்டவெளியில, பட்டப்பகல்ல, புது ஆளைத் தூக்கிப் போட்டதும் நான். அப்புறம் 'ரவுடி'ன்னு பேர் வெச்சதும் நான்தான்.

டின்பெர்கனோட நோபல் வாங்கின இன்னொருத்தர் கொன்ராட் லாரென்ஸ். ஆக்ரோஷம் பத்தி 1963-ல ஒரு புத்தகம் எழுதினார். அதை அவர் பவளப்பாறை மீன்கள்ல இருந்துதான் ஆரம்பிக்கிறார். அந்தப் பளிச்சுனு இருக்கிற மீன்கள் மத்த இனத்தைவிடத் தன் இனத்தைத்தான் அதிகமா அடிக்குதுன்னு அவர் கவனிச்சார். காரணம் யோசிச்சா புரியும்: அதே சாப்பாடு, அதே பொந்து, அதே ஜோடி, எல்லாத்துக்கும் போட்டி தன் இனத்துக்கிட்ட இருந்துதான் வரும். அதனால ஹாபியில ஒரு பொது விதி இருக்கு. ஒரே வடிவம், ஒரே நிறம், ஒரே சாப்பாடு, இந்த மூணும் எவ்வளவு ஒத்துப் போகுதோ அவ்வளவு சண்டை வரும். ஒரு டேங் இருக்கிற தொட்டியில அதே மாதிரி தட்டையா இருக்கிற இன்னொரு டேங்கை விட்டுப் பாருங்க... வேணாம், விட்டுப் பார்க்காதீங்க.

ஆனா டாம்சல் குடும்பம் கொஞ்சம் ஸ்பெஷல். இதுல சில இனங்கள் பாறையில தனக்குன்னு பாசித் தோட்டமே வெச்சுக் காவல் காக்கும். தன்னைவிடப் பல மடங்கு பெரிய மீனைத் துரத்தும், டைவ் அடிக்கிறவங்களைக்கூடக் கடிக்க வரும். நம்ம நீமோ இருக்கே, க்ளௌன், அதுவும் இதே குடும்பம்தான். அது முகத்தைப் பார்த்து ஏமாந்துடாதீங்க.

அம்மா சொன்ன ஐடியா

ஒரு வாரம் கழிச்சு, சாப்பிடறப்போ இந்தக் கதையைச் சொல்லிட்டு இருந்தேன். அம்மா கேட்டாங்க: 'புதுக் கோழி வாங்கிட்டு வந்தா உங்க ஆயா என்ன பண்ணுவாங்கன்னு பார்த்ததில்லையா நீ?'

எனக்கு ஞாபகம் இல்லை. அம்மா சொன்னாங்க. சந்தையில இருந்து புதுக் கோழி வந்தா நேரா விட மாட்டாங்க. முத்தத்துல கூடையைக் கவுத்து அதுக்குள்ள வைப்பாங்க. சில ஊர்ல பஞ்சாரம்னு சொல்ற அதே கூடை. பழைய கோழிங்க வந்து பார்க்கும், கூடையைக் கொத்தும், சுத்திச் சுத்தி வரும். தீனி உள்ளேயும் போடுவாங்க, வெளியேயும் போடுவாங்க. ரெண்டு மூணு நாள்ல பழசுங்களுக்குச் சலிச்சுப் போயிடும். அப்புறம் ராத்திரி, எல்லாம் அடைஞ்ச பிறகு, புதுசை எடுத்துக் கூட்டத்தோட நடுவுல வெச்சிடுவாங்க. விடிஞ்சு பார்த்தா அது ஏற்கெனவே அங்கே இருக்கிற கோழி.

நான் சாப்பாட்டை அப்படியே வெச்சுட்டு உட்கார்ந்துட்டேன். ஏன்னா வெளிநாட்டு ஹாபிக்காரங்க 'அக்ளிமேஷன் பாக்ஸ்'னு ஒண்ணைக் காசு கொடுத்து வாங்கறாங்க. ஓட்டை போட்ட அக்ரிலிக் டப்பா, தொட்டிக்குள்ளயே மாட்டறது. புது மீன் அதுக்குள்ள சில நாள் இருக்கும். பழசு பார்க்கும், இடிக்கும், சலிக்கும். எங்க ஆயாவோட கோழிக்கூடைதான் அது.

இதுக்கு உயிரியல்ல ஒரு பேர் இருக்கு. 1954-ல ஜேம்ஸ் ஃபிஷர்னு ஒரு பறவை ஆய்வாளர் 'அன்பான எதிரி'ன்னு சொன்னார். எல்லை வெச்சு வாழற பிராணிகள், தெரிஞ்ச பக்கத்து வீட்டுக்காரரைவிடத் தெரியாத அந்நியரைத்தான் அதிகமாத் தாக்கும். கூடை செய்யற வேலை, அந்நியரைத் தெரிஞ்ச முகமா மாத்தறது. அவ்வளவுதான்.

சரி, எப்படி விடணும்?

இப்போ நான் செய்யற முறையைச் சொல்றேன். நோட் பண்ணிக்கோங்க.

முதல் விஷயம், வரிசை. புதுசா டேங்க் வைக்கிறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். சாது மீனை முதல்ல விடுங்க, முரட்டு மீனைக் கடைசியா விடுங்க. ஃபயர்ஃபிஷ், கோபி, கார்டினல் மாதிரி ஆட்கள் முதல்ல. அப்புறம் க்ளௌன். அப்புறம் குட்டி ஏஞ்சல். டேங், டாம்சல் எல்லாம் கடைசி. நான் பண்ணது நேர் எதிர். 'சைக்கிள்' பண்ண மீனே தேவையில்லை. பாட்டில்ல பாக்டீரியா வருது, இல்லைன்னா ஒரு உரிச்ச இறாலை அழுக விட்டாலே அம்மோனியா கிடைக்கும். ஒரு உயிரை அம்மோனியாவுல வேக வெக்கணும்னு அவசியம் இல்லை. ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ரெண்டு மூணு வாரமாவது விடுங்க. பாக்டீரியாவும் புதுக் கழிவுக்கு ஏத்த மாதிரி வளரணும்ல.

ரெண்டாவது, குவாரண்டைன். நம்ம பாஷையில சொன்னா ஸ்டேஜிங் சர்வர். எந்த கோடையும் நேரா புரொடக்ஷன்ல தள்ள மாட்டோம், ஆனா மீனை மட்டும் கடையில இருந்து நேரா மெயின் டேங்க்ல தள்ளறோம். தனியா ஒரு சின்னத் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிஞ்சுக்க ரெண்டு பிவிசி பைப் துண்டு போதும். ஒரு மாசம். வெள்ளைப் புள்ளி நோய் இருந்தா அங்கேயே தெரியும். அதுக்குப் போடற காப்பர் மருந்தை மெயின் டேங்க்ல போடவே கூடாது, இறால், நத்தை எல்லாம் போயிடும். சண்டைக்கும் குவாரண்டைனுக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டு சம்பந்தம். ஒண்ணு, கடையில இருந்து வந்த மீன் பட்டினியில, களைப்புல இருக்கும். ஒரு மாசம் தனியா தின்னு தேறின மீன்தான் ஓடவும், நிக்கவும் தாக்குப் பிடிக்கும். ரெண்டு, அடி வாங்கற மீனுக்கு எதிர்ப்புச் சக்தி குறையும், மறைஞ்சிருந்த நோய் வெளியே வரும். அப்போ அடிச்ச மீனும் சேர்ந்துதான் படுக்கும்.

மூணாவது, எல்லையைக் கலைக்கிறது. எங்க ஊர்க்காரங்களுக்கு எல்லைன்னா என்னன்னு நல்லாத் தெரியும். ஆந்திராவோட இருந்த திருத்தணி, பெரிய போராட்டத்துக்கு அப்புறம், 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் மெட்ராஸ் மாநிலத்துக்கு வந்தது. கோடு எங்கே போடறோம்ங்கிறது சின்ன விஷயம் இல்லை. மீனுக்கும் அப்படித்தான். அந்தப் பொந்து என்னோடது, இந்தக் கல் வரைக்கும் என்னோடதுன்னு மனசுல ஒரு மேப் வெச்சிருக்கும். கல்லை எல்லாம் இடம் மாத்தி அடுக்கினா அந்த மேப் செல்லாது. பழசு, புதுசு எல்லாருமே ஒரே நேரத்துல வீடு தேடணும். அப்படி அடுக்கறப்போ மீன் எண்ணிக்கையைவிட ஒண்ணு ரெண்டு பொந்து கூடுதலா இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை: பழைய மணலை ஒரேயடியாக் கிளறாதீங்க, அடியில இருக்கிற அழுக்கு மேலே வந்து தண்ணி கெட்டுடும்.

கல்லுன்னதும் ஒண்ணு சொல்லிடறேன். உண்மையான பவளத் துண்டு தர்றேன்னு யாராவது சொன்னா வாங்காதீங்க. பாறை கட்டற பவளம், கடல் குதிரை எல்லாம் 2001-லயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணைக்குப் போயாச்சு. புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. செராமிக் கல், செயற்கைக் கல் நல்லாவே கிடைக்குது.

நாலாவது, கூடை. அக்ரிலிக் டப்பா வாங்கணும்னு இல்லை. நான் காய்கறி கழுவற, ஓட்டை நிறைய இருக்கிற ரெண்டு பிளாஸ்டிக் கூடையை வாய்க்கு வாய் சேர்த்து, கேபிள் டை போட்டுக் கட்டினேன். புதுசா இருக்கணும், சோப்புப் பட்டிருக்கக் கூடாது. உள்ளே ஒரு பைப் துண்டு. தண்ணி ஓட்டம் இருக்கிற இடத்துல, ஆனா முரட்டு மீனோட பொந்துக்குப் பக்கத்துல இல்லாம மாட்டுங்க. அஞ்சு நாள்ல இருந்து ஒரு வாரம். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல சாப்பாடு. நாள் கணக்கை நம்பாதீங்க, ரெண்டு அறிகுறியைப் பாருங்க. உள்ளே இருக்கிறது நல்லா சாப்பிடுதா? வெளியே இருக்கிறது கூடையைக் கண்டுக்காமப் போகுதா? ரெண்டுக்கும் ஆமான்னா திறக்கலாம். இன்னும் இடிச்சுக்கிட்டே இருந்தா இன்னொரு வாரம். அப்பவும் இடிச்சா, அந்த ஜோடி ஒத்து வராது. அதையும் ஏத்துக்கணும்.

அஞ்சாவது, திறக்கிற நாள். முதல்ல பழசுங்களுக்கு வயிறு நிறைய சாப்பாடு. சாயங்காலம் லைட்டை அணைச்ச பிறகு கூடையைத் திறங்க. டாம்சல், டேங் எல்லாம் பகல்ல நடமாடறவங்க, ராத்திரி பொந்துக்குள்ள அடைஞ்சிடுவாங்க. ஆயா கோழியை ராத்திரி வெச்சதுக்கும் இதே காரணம்தான். மறுநாள் லைட்டைக் கொஞ்சம் லேட்டா போடுங்க. சனிக்கிழமை செய்யுங்க, ஞாயிறு முழுக்க வீட்ல இருங்க. திங்கட்கிழமை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்கு முன்னாடி மீன் விடாதீங்க. அப்புறம் மேலே வலை மூடி. இது அட்வைஸ் இல்லை, கெஞ்சிக் கேட்டுக்கறேன். ஃபயர்ஃபிஷ் குதிக்கும். முடிவெட்டற அளவு இடைவெளி கிடைச்சாக்கூடக் குதிக்கும்.

ஆறாவது, ரோல்பேக் பிளான். கொஞ்ச நேரம் துரத்தறது சகஜம். துரத்திட்டுத் திரும்பிப் போனா விட்டுடுங்க. ஆனா துடுப்பு கிழிஞ்சிருந்தா, புதுசு மேல் மூலையிலயே ஒட்டிக்கிட்டு வேகமா மூச்சு வாங்கினா, ரெண்டு நாளா சாப்பிடலைன்னா, உடனே பிரிங்க. 'செட் ஆயிடும்'னு நான் லேப்டாப்பைத் திறந்த மாதிரி திறக்காதீங்க. இங்கே ஒரு டெக்னிக்: புதுசைத் திரும்பக் கூடையில போடாம, அடிக்கிறதைப் பிடிச்சுக் கூடையிலயோ கீழே இருக்கிற சம்ப்லயோ பத்து நாள் வைங்க. அது திரும்பி வர்றப்போ அதுதான் புது ஆள்.

பொட்டுக்கு என்ன ஆச்சு

கடைசியா சொன்னதைத்தான் நான் முதல்ல செஞ்சேன். மறுபடி ஒரு ஃபயர்ஃபிஷ் வாங்கினேன். ஒரு மாசம் குவாரண்டைன். அது கூடைக்கு வர்ற அன்னைக்குப் பொட்டை சம்ப்புக்கு மாத்தினேன். பிடிக்கிறதுக்குள்ள ஒரு மணி நேரம் ஆச்சு. கல்லை எல்லாம் கலைச்சு அடுக்கினேன். ஃபயர்ஃபிஷ் கூடையில ஒரு வாரம் க்ளௌன்களைப் பார்த்தது. அப்புறம் வெளியே வந்து ஒரு பொந்தைப் பிடிச்சது. மூணு நாள் கழிச்சுப் பொட்டைத் திரும்ப விட்டேன்.

அன்னைக்கு நான் பார்த்ததை மறக்க மாட்டேன். தொட்டிக்கே ராஜாவா இருந்த பொட்டு, கல்லுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுது. அரை மணி நேரம் வெளியே வரலை. பெரிய க்ளௌன் வந்து முறைச்சதும் உள்ளே போச்சு. டின்பெர்கனோட கண்ணாடிக் குழாய் எங்க ஹால்லயே நடந்தது. அப்பா விரலை வெச்சார், வரலை. அடுத்த நாள்தான் வந்தது.

அஞ்சு மாசம் நல்லாப் போச்சு. இங்கே நிறுத்தினா நல்ல கதை. ஆனா டோமினோ பதினாலு சென்டிமீட்டர் வரைக்கும் வளரும். பொட்டு வளர வளர அது கேட்கிற இடமும் வளர்ந்தது. மறுபடி துரத்த ஆரம்பிச்சது, இந்தத் தடவை க்ளௌன்களையும். இன்னொரு தடவை கல்லை மாத்தினேன். ஒரு மாசம் தாங்குச்சு. அப்போ புரிஞ்சது, இனிமே அடுக்கறதுல பிரயோஜனம் இல்லை. அதுக்கு நாலடி பத்தலை. நான் வாங்கறப்போ அது கட்டைவிரல் நகம் அளவு. அது எவ்வளவு பெருசாகும்னு அன்னைக்கே ஒரு நிமிஷம் கூகுள் பண்ணியிருந்தா...

இதை ஏன் இவ்வளவு சீரியஸாப் பேசறேன்னா, நன்னீர் மீன் மாதிரி இல்லை இது. கொளத்தூர்ல நீங்க பார்க்கிற கப்பி, மோலி எல்லாம் நம்ம திருவள்ளூர் பக்கத்துப் பண்ணைகள்லயே பிறந்து வளருது. கடல் மீன்ல பெரும்பாலானது நேரா பாறையில பிடிச்சது. க்ளௌன் ஒரு நல்ல விதிவிலக்கு. மண்டபத்துல இருக்கிற மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்துல க்ளௌன், சில டாம்சல் இனங்களை எல்லாம் குஞ்சு பொரிக்க வெச்சு வளர்க்கிற முறையை உருவாக்கியிருக்காங்க. கடையில 'இது பண்ணையில பிறந்ததா, பிடிச்சதா'ன்னு கேளுங்க. பிடிச்சதுன்னா, நீங்க தப்பு பண்ணா செத்துப் போறது கடல்ல இருந்து எடுத்த ஒரு உயிர். 'போனா போகட்டும், இன்னொண்ணு வாங்கிக்கலாம்'னு ரெண்டாவது தடவை வில்லிவாக்கம் டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி, முதல்ல ஏன் செத்ததுன்னு பதில் தெரிஞ்சிருக்கணும். சில சமயம் அந்தப் பதில் 'இந்தத் தொட்டியில இனிமே யாருக்கும் இடம் இல்லை'ன்னு இருக்கும். வாங்காம வர்றதும் மீன் வளர்ப்புதான்.

அம்பத்தூர்ல ஒரு நண்பர், ஆறடித் தொட்டி வெச்சிருக்கார். உள்ளே எல்லாம் பெரிய, தைரியமான மீன்கள். பொட்டை அவருக்குக் கொடுக்கிறதுன்னு முடிவாச்சு. அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். சொன்னதும் அவர் ஒண்ணும் பேசலை. காபி குடிச்சு முடிச்சார். 'நானும் வரேன்'னு மட்டும் சொன்னார்.

ஞாயித்துக்கிழமை காலையில ரயில். தெர்மாகோல் டப்பா அப்பா மடியில. அரக்கோணம் தாண்டற வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் கேட்டார்: 'அங்கே இவன்தானே இப்போ புதுசு?'

'ஆமாப்பா.'

காலுக்குக் கீழே இருந்த கட்டைப்பையைக் கொஞ்சம் திறந்து காட்டினார். உள்ளே, கேபிள் டை போட்டுக் கட்டின அந்த ரெண்டு பிளாஸ்டிக் கூடை. நான் எடுத்து வைக்க மறந்திருந்தேன்.

பொட்டு அங்கே ஒன்பது நாள் கூடையில இருந்தது. இப்போ நல்லா இருக்கு. நண்பர் அப்பப்போ வீடியோ அனுப்புவார், அப்பா அதைப் பெருசு பண்ணிப் பார்ப்பார்.

இந்த எபிசோட் இவ்வளவுதான் மக்களே. உங்க தொட்டியில யார் யார் இருக்காங்க, எந்த வரிசையில வந்தாங்கன்னு எழுதி அனுப்புங்க. புதுசா ஒண்ணை வாங்கற யோசனை இருந்தா, வாங்கறதுக்கு முன்னாடி அனுப்புங்க, சேர்ந்து யோசிப்போம். அடுத்த எபிசோட்ல, நாற்பது டிகிரி வெயில்ல, கரண்ட் கட் ஆனா, தொட்டித் தண்ணியை 26 டிகிரியில எப்படி வைக்கிறதுன்னு பேசலாம். திருத்தணிக்காரனைவிட அதைச் சொல்ல யாருக்குத் தகுதி இருக்கு?